ஆளுக்கொரு பிடி சாம்பல்

காங்கயத்துக்குத் தெற்கே, மழை வழி தவறி வந்தால்தான் உண்டு என்கிற பொட்டல்காட்டில், கல்லாங்குத்து மடம் என்று ஒரு மடம் இருந்தது. அதன் தலைவர் ராக்கியண்ண சாமி. அவருடைய சீடர்களில் ஒருவர் குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர்.

அந்தச் சீடரின் பெயர் அவிநாசியப்பன். பாலமும் தண்ணீர்த் தொட்டியும் கட்டி ஓய்வு பெற்ற இன்ஜினியர். வீட்டை மகனிடமும், காரை மருமகனிடமும், காபியைக் கடவுளிடமும் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வந்து மூன்று வருசமாகியும் மடத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. 'இன்ஜினியர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவருக்கு மனத்தாங்கல் உண்டு.

தினமும் பொழுதோடு, விளக்கேற்றுகிற நேரத்தில், குருவுக்கு எதிரே போய் உட்காருவார். ஒரே கேள்வியைக் கேட்பார்.

"சாமி, எனக்கு எப்பங்க காவி?"

"என்னுங்க அவசரம்?"

"எனக்குள்ள ஒரு இன்ஜினியர் உக்காந்துட்டு இருக்கறானுங்க. எதைப் பார்த்தாலும் குத்தம் கண்டுபிடிக்கறான். கோயில் மணியப் பார்த்தாக் கும்பிடத் தோணறதில்லீங்க. கொக்கி தாங்குமான்னு தோணுது. அவனை முழுசா எடுத்து வெளிய போட்டுட்டு, அந்த எடத்துல ஒரு சாமியாரை வெச்சு உடுங்க."

ராக்கியண்ண சாமி அண்ணாந்து மணியைப் பார்ப்பார்.

"தாங்குமுங்களா?"

"தாங்காதுங்க. மாத்தச் சொல்லியிருக்கறேன்."

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாமி எழுந்து போய்விடுவார். இன்ஜினியர் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த மடத்தில் குருபூசைதான் பெரிய விசேஷம். போன வருசம் அதற்குப் போட்ட பந்தல், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே காற்றில் கிளம்பிப் பாதிப் பேர் மேலும் ரச அண்டா மேலும் விழுந்தது. பக்தர்கள் பந்தல் துணிக்கடியில் உட்கார்ந்தபடியே மோர்வரைக்கும் சாப்பிட்டு முடித்துத்தான் வெளியே வந்தார்கள். இந்த வருசம் அப்படி ஆகக் கூடாது, பந்தி நடக்கிற இடத்துக்குக் காங்கிரீட் கூரை போட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

ராக்கியண்ண சாமி இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

"கூரையப் போட்டுக் குடுங்க. அப்பறம் காவியப் பத்திப் பேசலாம்."

இன்ஜினியருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருசத்தில் சாமி 'பேசலாம்' என்று சொன்னதே அதுதான் முதல் தடவை. இந்தக் கூரை நின்றால் காவி, விழுந்தால் திரும்ப வீடு, மருமகள் கையால் சர்க்கரை இல்லாத காபி என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்.

ஆனால் தண்ணீர்? புதிதாகப் போட்ட காங்கிரீட்டுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால்தான் இறுகும். மடத்திலோ பாத்திரம் கழுவின தண்ணீர்தான் வாழைக்கு. லாரித் தண்ணீர் வந்தால் ஆட்கள் எழுந்து நின்று வரவேற்பார்கள். அந்த ஊரில் கூரைமேல் குளம் கட்டினால் பக்தர்களே அடிக்க வருவார்கள்.

இன்ஜினியர் அதற்கும் வழி வைத்திருந்தார். வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். மூன்று வருசமாகத் தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்த வாய், அன்றைக்குத்தான் அசலாகத் திறந்தது.

"இந்தக் காங்கிரீட்டுக்குத் தண்ணியே ஊத்த வேண்டியதில்லீங்க. கலக்கறப்பவே ஒரு மருந்து ஊத்திருவோம். உள்ள இருக்கற தண்ணி ஆவியாப் போகாம அது புடிச்சு வெச்சுக்கும். தன்னைத் தானே நனைச்சுட்டு, தானா இறுகிக்கும். அதுபோக, சிமெண்ட்டுல நூத்துக்கு முப்பது பங்கை எடுத்துட்டு, அதுக்குப் பதிலாச் சாம்பல் போடறோம்."

"சாம்பலுங்களா?" என்றாள் பாவாத்தாள். மடத்துச் சமையல்கட்டு அவள் கையில். அவள் வைத்த உப்புதான் அங்கே சட்டம்.

"ஆமாங்கம்மா. அனல்மின் நிலையத்துல கரி எரிச்சு வர்ற சாம்பல்."

"சாம்பல் போட்டாக் கட்டடம் கெட்டியாகுமுங்களா?"

"மெதுவாத்தான் ஆகும். ஆனாக் காலத்துக்கும் நிக்குமுங்க."

கூட்டத்தில் பலபேர் தங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இன்ஜினியர் அதைக் கவனிக்கவில்லை.

"அப்ப முழுசும் சாம்பலே போட்டறலாமுங்களே?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"ஆகாதுங்க. சிமெண்ட் இறுகறப்பக் கொஞ்சம் சுண்ணாம்பை வெளிய தள்ளும். அது எதுக்கும் ஆகாம உள்ள கெடக்கும். அதைத் தின்னுட்டுத்தான் இந்தச் சாம்பல் இறுகறது. சிமெண்ட் இல்லீன்னாச் சாம்பல் வெறும் தூசிங்க."

எல்லோரும் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள். ஓரமாக நின்று கேட்ட ராக்கியண்ண சாமியும் ஆட்டினார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்னதானத்துக்கு உலை கொதித்ததும், வந்தவர்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த அரிசியில் ஒரு பிடியைத் தங்கள் கையால் உலையில் போட வேண்டும். பிடியரிசி என்று அதற்குப் பேர். முதல் பிடி சாமியுடையது. மூட்டை மூட்டையாகக் கொடுக்கிற மில்காரருக்கும் உலையில் ஒரு பிடிதான், மீதி கிடங்குக்கு. எல்லார் கையும் படாத சோறு மடத்துச் சோறாகாது என்பது பாவாத்தாளின் கொள்கை. அதை மறுத்துப் பேசியவர்கள் யாரும் இரண்டாம் தடவை சோறு கேட்டதில்லை.

காங்கிரீட் போடுகிற நாள் வந்தது. இன்ஜினியர் விடியும்போதே கூரைமேல் நின்றார். மண், ஜல்லி, சிமெண்ட், சாம்பல், மருந்து எல்லாம் அவர் கண்முன்னாலேயே எடை போடப்பட்டன. சமையல்கட்டுக்குப் பின்னால் கலவை மிஷின் ஓடியது. மேஸ்திரி சின்ராசு கலவையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

உச்சிப் பூசைக்கு மணி அடித்தது. இன்ஜினியர் தவித்துப்போனார். வேலையை விட்டு நகர மனசில்லை. இன்றைக்குப் பூசைக்குப் போகாவிட்டால் உள்ளே இருக்கிற பயல் ஜெயித்துவிடுவான் என்றும் தோன்றியது.

"சின்ராசு, அளவு மாறக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணி கூடக் கூடாது."

"நீங்க போயிட்டு வாங்க சார்" என்றார் மேஸ்திரி.

போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தார். மூன்று வருசமாக வராத தியானம் அன்றைக்கு வந்தது. மிஷின் சத்தம் கேட்கவில்லை. கூரை மறந்துபோயிற்று. காவிகூட மறந்துபோயிற்று. கண்ணைத் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது, பூசை முடிந்து எல்லோரும் எப்போதோ எழுந்து போயிருந்தார்கள். அவர் குருவைத் தேடி ஓடினார்.

"சாமி! போயிட்டானுங்க! உள்ள இருந்த இன்ஜினியர் போயே போயிட்டான்!"

"அப்படீங்களா?" என்றார் ராக்கியண்ண சாமி. அவர் கை முழங்கைவரைக்கும் வெள்ளையாக இருந்தது. வந்தவர்களுக்குத் திருநீறு கொடுத்திருப்பார் என்று இன்ஜினியர் நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கூரை போட்டு முடிந்தது. மேலே சாக்கு விரித்து மூடினார்கள். அதற்குப் பிறகுதான் இன்ஜினியருக்குப் பெரும்பாடு. தண்ணீர் ஊற்றாத புதுக் காங்கிரீட்டைப் பார்க்க ஒருத்தருக்கும் மனசு தாளவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து 'உச்சு' கொட்டினார்கள். பாவாத்தாள் அரிசி கழுவிய தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு இரண்டு தடவை ஏணியில் ஏறி, இரண்டு தடவையும் பிடிபட்டாள். அதன்பிறகு இன்ஜினியர் கூரைமேல் குடை விரித்து உட்கார்ந்து காவல் காத்தார். சோறு மேலேயே வந்தது. அதில் உப்பு இல்லை.

இறுகியிருக்கும் என்று அவர் கணக்குப் போட்ட நாளில், சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கூரைமேல் தட்டிக்கொண்டே வந்தார். ணங், ணங் என்று கேட்டது. அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கைகழுவுகிற இடத்துக்கு மேலே வந்தபோது சத்தம் மாறியது. 'தொப்' என்றது. மறுபடியும் தட்டினார். தொப். குனிந்து நகத்தால் கீறினார். பொலபொலவென்று உதிர்ந்தது.

ஒரு பத்தி அகலத்துக்கு, இந்த விட்டத்திலிருந்து அந்த விட்டம்வரைக்கும், கூரை இறுகவே இல்லை. கீழே முட்டுக் கொடுத்திருந்ததால் நின்றுகொண்டிருந்தது. முட்டுகளை எடுத்தால் கீழே கைகழுவ நிற்கிறவர் தலையில்தான் இறங்கும்.

சேதி காற்றாய்ப் பரவியது. கூட்டம் கூடிவிட்டது.

"பச்சைக் கொழந்தைக்குப் பால் குடுக்காமப் போட்டு வெச்சா எப்படீங்க தேறும்?" என்றாள் பாவாத்தாள். ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். தானாக நனைந்துகொள்ளுமாம், நாங்கள் அப்போதே நினைத்தோம் என்றார்கள் அப்போது எதுவும் நினைக்காதவர்கள்.

மருந்துதான் தோற்றுவிட்டதோ என்று இன்ஜினியருக்கே சந்தேகம் வந்துவிட்டது. உதிர்ந்த கட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு குருவின் முன்னால் போய் நின்றார்.

"தோத்துட்டேனுங்க சாமி."

மூக்கை உறிஞ்சினார். அப்படியே நின்றார். மறுபடியும் உறிஞ்சினார். கையிலிருந்த கட்டியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

காங்கிரீட்டில் ஜவ்வாது வாசம் அடித்தது.

கட்டியை உடைத்தார். உள்ளே மாட்டுச்சாண எருவாட்டிச் சாம்பல் திட்டுத் திட்டாக வெள்ளையாய் இருந்தது. கருகின தேங்காய் நார் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஹோமத்தில் எரியாமல் மிஞ்சின நெல்லுகூட இரண்டு இருந்தது.

"யாருங்க இது?" என்றார்.

மேஸ்திரி சின்ராசு ஒரு தூணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவாத்தாளம்மா?"

"பிடிசாம்பல்தானுங்க போட்டோம்" என்றாள் பாவாத்தாள். "நீங்கதானே சாம்பல் போட்டாக் கெட்டியாகும்னீங்க. கரி எரிச்ச சாம்பலே அத்தனை வேலை செஞ்சா, நம்ம திருநீறு எத்தனை செய்யும்? ஆளுக்கொரு பிடி, உலையில போடற மாதிரி."

"எத்தனை பேருங்க?"

"பூசைக்கு வந்தவிங்க எல்லாரும்தான். பக்கத்து ஊருக்கும் சொல்லி உட்டிருந்தோம். பஸ்ஸுல வந்தாங்க."

"ஒட்டுக்கா ஒரே கலவையிலயா?"

"ஒரே உலையிலதானுங்க போடோணும்?"

மேஸ்திரி மெதுவாகச் சொன்னார். "கலவை ரொம்ப எறுகிப்போச்சு சார். அதனால கொஞ்சூண்டு தண்ணி ஊத்துனேன். நாலு குடம்."

இன்ஜினியர் கண்ணை மூடினார். தியானம் வரவில்லை.

"ஆரம்பிச்சு வெச்சது யாருங்க?"

கூட்டம் தரையைப் பார்த்தது. ராக்கியண்ண சாமி ஒரு கையைத் தூக்கினார்.

"மொதப் பிடி நானுங்க."

இன்ஜினியர் குருவைப் பார்த்தார். மூன்று வருசமாக அந்த முகத்தைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறார். கைகள் பழக்கத்தில் கும்பிடப் போயின. பாதி வழியில் நின்றுவிட்டன. அப்புறம் வாய் திறந்தது. திறந்தது எந்த ஆள் என்று அவருக்கே அந்த நேரத்தில் தெரியவில்லை.

"உங்களுக்கு அறிவிருக்குதுங்களா சாமி?"

யாரோ ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கட்டடங்க இது! உங்க ஊட்டு அண்டாவுங்களா, ஆளாளுக்கு ஒரு பிடி போட? யாரைக் கேட்டுங்க போட்டீங்க? மேல ஆயிரம் பேரு நிப்பானுங்க, கீழ ஆயிரம் பேரு சோறு திம்பானுங்க, விழுந்தாத் திருநீறு வந்து புடிக்குமுங்களா? நீங்கெல்லாம் ஒரு சாமிங்களா?"

கொங்கு நாட்டு வாய். குருவையே வறுத்தெடுக்கும்போதும் 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. வானமே இடிந்து விழுந்ததுபோல் கூட்டம் நின்றது.

ராக்கியண்ண சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"தப்புத்தானுங்க. இப்ப என்ன பண்ணோணும்?"

"உடைக்கோணுங்க! அந்தப் பத்திய மொத்தமா உடைச்சு, கம்பியத் தேச்சு, மறுக்காப் போடோணும்!"

"சரீங்க" என்று சாமி வேட்டியை மடித்துக் கட்டினார்.

மறுநாள் மடத்தில் பூசை சுருக்கமாக நடந்தது. ஜவ்வாது மணக்க மணக்கக் கூரையை உடைத்தார்கள். ராக்கியண்ண சாமி இடிசல் சுமந்தார். இன்ஜினியர் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"சாமி, அக்கட்டால போங்க! கல்லு விழுகுது!"

"சரீங்க."

"அந்தச் சட்டியில இத்தனையும் அள்ளினா இடுப்பு புடிச்சுக்குமுங்க. பாதி கொட்டுங்க!"

"சரீங்க."

புதுக் கலவை போட்ட அன்று மிஷினைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. உச்சிப் பூசைக்கு மணி அடித்தபோது இன்ஜினியர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவாத்தாள் கயிற்றுக்கு வெளியே நின்று, கையிலிருந்த பிடியை யாரும் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வேலை முடிந்ததும் கோபமும் வடிந்தது. வடிந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து இன்ஜினியர் பொழுதோடு குருவின் எதிரே போய் உட்காரவில்லை. காவி கேட்கவில்லை. சாமி ஒரு பக்கம் வந்தால் இவர் இன்னொரு பக்கம் போனார். கூரைமேல் குடையோடு உட்கார்ந்திருந்தார். யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. சோற்றில் உப்பு திரும்ப வந்திருந்தது, அதை அவர் கவனிக்கவே இல்லை.

குருபூசைக்கு முந்தின நாள் முட்டுகளைப் பிரித்தார்கள். இன்ஜினியர் ஒவ்வோர் அடியாகத் தட்டிக்கொண்டே வந்தார். ணங். ணங். கைகழுவுகிற இடத்துக்கு மேலேயும் ணங். கூரை நின்றது. கீழே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அவர் இறங்கிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் கெளம்பறேனுங்க சாமி."

"எங்கீங்க?"

"ஊட்டுக்குத்தானுங்க. அத்தனை பேருக்கு முன்னால குருவைப் பார்த்து அறிவிருக்குதான்னு கேட்டுப்போட்டேன். இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் காவி கேக்கறதுங்க?"

"கேட்டது நீங்களா?"

"நான் கேப்பனுங்களா? உள்ள இருக்கறானே, அவன். போயிட்டான்னு நெனச்சேன். ஒளிஞ்சுட்டு இருந்திருக்கறான்."

ராக்கியண்ண சாமி பக்கத்தில் உட்காரச் சொன்னார். இன்ஜினியர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உள்ள அந்த இன்ஜினியர் இல்லாம, நீங்க முழுச் சாமியாரா நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

இன்ஜினியர் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை.

"குரு கையால போட்ட சாம்பல், எப்படிக் கெடும்னு சொல்லியிருப்பேனுங்க."

"அப்பறம்?"

"காங்கிரீட்டுல ஜவ்வாது வாசம் வருதேன்னு கன்னத்துல போட்டிருப்பேன்."

"அப்பறம்?"

இன்ஜினியர் திரும்பிக் கூரையைப் பார்த்தார். மறுபடி போட்ட அந்தப் பத்திக்கு நேர் கீழே பாவாத்தாள் கால் நீட்டி உட்கார்ந்து நாளைய பந்திக்குப் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இன்ஜினியர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

ராக்கியண்ண சாமி எழுந்து உள்ளே போனார். மடித்த காவி வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மடியில், பைக்கு மேலே வைத்தார். இன்ஜினியர் அதைத் தொட்டார்.

"இதை வாங்கிட்டா அவனை என்ன பண்றதுங்க சாமி?"

"நாளைக்குப் பந்திக்குக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார் ராக்கியண்ண சாமி. "அவரு ஒருக்கா மேல பார்த்துத் தலையாட்டாம, நான் அந்தக் கூரைக்கடியில எலை போட்டு உக்காரமாட்டேனுங்க."